பருத்திக்கொட்டை எண்ணிய ஐந்து மாதங்கள்

பருத்திக்கொட்டையை ஒரு பிடி அள்ளினால் அது சுலபத்தில் கையை விட்டுப் போகாது. ஒவ்வொரு கொட்டையின் மேலும் மில்லில் பிரிக்க முடியாமல் விட்ட பஞ்சு மயிர்போல ஒட்டிக்கொண்டிருக்கும், வியர்த்த விரல்களை அது பிடித்துக்கொள்ளும், எண்ணெய்ச் சிக்கும் பழைய சாக்கும் கலந்த ஒரு வாடை அன்றைக்கு முழுக்க நகக்கண்ணில் இருக்கும். எட்டு வயதில் ஐந்து மாதம் எனக்குப் புத்தகமும் கணக்கு நோட்டும் அதுதான். அம்மா முறத்தில் ஒரு படி கொட்டையைக் கொட்டி என் முன்னால் தள்ளுவாள். பத்துப் பத்தாகக் குவிக்க வேண்டும், பத்துக் குவியல் சேர்ந்தால் தரையில் ஒரு கோடு போட வேண்டும். இதற்குப் பதிலாக நிலக்கடலை கொடுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "கடலையக் குடுத்தா கணக்கு வவுத்துக்குள்ள போயிடும்" என்றாள்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. எங்கள் தெருவுக்கும் தொடக்கப் பள்ளிக்கும் நடுவில் ஒரு ரோடு. அதில் விடிந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ரோட்டோர வேலமரங்கள்கூட வெள்ளையாக நிற்கும். என்னை அந்த ரோட்டைக் கடத்திவிடுவது பக்கத்து வீட்டுச் செல்வி. அவள் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. ஐப்பசியில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று அவள் தனியாகப் போனாள். லாரி உரசி வலது கால் முறிந்துபோனது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. "ரோட்டுக்கு ஒரு வழி பொறக்குற வரைக்கும் வூட்டுலயே படி. நான் சொல்லித் தரேன்" என்றாள். அம்மா ஐந்தாவது வரை படித்தவள்.

அப்போது என் தம்பிக்கு ஒரு வயது. இதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் சந்தேகம் முழுவதும் அவன் மேல்தான் வந்து நின்றது.

அம்மா சொல்லிக்கொடுத்த விதத்தை இப்போது யாராவது கேட்டால் மெச்சத்தான் செய்வார்கள். வாசலில் ஒரு முளைக்குச்சியை ஊன்றி, அதன் நிழல் போகும் வழியில் சாணியால் பொட்டு வைத்தாள். முதல் பொட்டு பள்ளிக்கூட மணி, இரண்டாவது மத்தியானம், மூன்றாவது மாடு திரும்பும் நேரம். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்து, கொல்லையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வரச் சொன்னாள். எழுத்துக்கு, சலித்த சாம்பலைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் எழுதவைத்தாள். வாசிக்க, கடையில் சாமான் கட்டிவந்த காகிதம். பொட்டலத்தைப் பிரித்து நீவி மடித்துவைத்து, மறுநாள் என்னிடம் கொடுப்பாள். அதில் கதை எப்போதும் பாதியில் கிழிந்திருக்கும். ராஜா காட்டுக்குள் போவான், அதற்குமேல் துவரம்பருப்புக் கறைதான். மிச்சப் பாதியை அம்மா எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள் என்று கொஞ்சநாள் நம்பினேன்.

கம்பு அளப்பதும் ஒரு பாடம். படியால் பானையிலிருந்து எடுத்துச் சாக்கில் கொட்டும்போது முதல் படிக்கு எங்கள் பக்கம் யாரும் "ஒன்று" என்று சொல்வதில்லை, "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று போகும். "ஒன்னுன்னு ஆரம்பிச்சா வெளைச்சல் ஒன்னோட நின்னுடும். குவிச்சு வச்சிருக்கறதுலேருந்து எத எடுத்து எண்ணினாலும் லாபம்னுதான் தொடங்கணும்" என்று அம்மா அழுத்திச் சொல்லியிருந்தாள். நானும் பருத்திக்கொட்டையை அப்படியே எண்ணினேன்.

முதல் மாதம் எனக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. பெரியம்மா ஒருநாள் மோர் கேட்டு வந்தாள். அப்பாவின் அண்ணன் மனைவி, எதிர்வீடு. நான் கொட்டையைக் குவித்துக்கொண்டிருந்தேன், தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னாடி, ஒங்க வூட்டுப் பள்ளிக்கூடத்துல பசங்க மடியிலயே தூங்குறாங்க?"

"அம்மா கணக்கு குடுத்திருக்கு பெரீம்மா."

"நல்ல கணக்குதான் போ. கொட்டையில கல்லு பொறுக்கின மாதிரியும் ஆச்சு, புள்ளயப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. ஒங்கம்மா வெவரமானவ. நீ இனிமே பள்ளிக்கூடம் போன மாதிரிதான்."

அவள் மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் முறத்தைப் பார்த்தேன். எண்ணி முடித்த கொட்டையில் கல்லும் இல்லை, சொத்தையும் இல்லை. சாயங்காலம் அம்மா அதை அப்படியே எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுவாள், காலையில் மாட்டுக்கு ஆட்டுவாள். நிழல் இரண்டாவது பொட்டைத் தொட்டதும் நான் என்ன செய்கிறேன்? தம்பிக்குக் கூழ் கரைத்து ஊட்டுகிறேன். கயிற்றால் கொல்லையை அளந்த மறுநாள் அப்பா அந்த அளவுக்குத்தானே வேலிமுள் வெட்டிவந்தார்? எல்லாப் பாடத்தின் அடியிலும் ஒரு வேலை கிடந்தது. எங்கள் தெருவில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடமும் "இனிமேல் நீ போகவேண்டாம்" என்று வாயால் யாரும் சொன்னதில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அம்மா எது சொன்னாலும் நான் ஒரு பக்கமாகத்தான் கேட்டேன். கொல்லையில் ஒரு கல் கிடைத்தது, உள்ளே சுருள்சுருளாகச் சங்கின் அச்சு. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். "முன்ன இங்க கடல் இருந்துச்சாம். கல்லு பொறுக்க வந்த ஆளுங்க பேசிக்கிட்டாங்க" என்றாள். எங்கள் ஊரில் ஆடு குடிக்கவே தண்ணீர் கிடையாது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஒங்கம்மா கடலப் பாத்ததே இல்ல. அவ எப்படிக் கண்டா?" என்று அவர் சிரித்தார். சரி, இதுவும் பொய் என்று முடிவு கட்டினேன். என் வாயை அடைக்க எதையோ சொல்கிறாள், பாடமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நான் கூச்ச சுபாவம். நேராகக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. அதற்குப் பதில் வேவு பார்த்தேன். என் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்குகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பேன். தைக்குப் பிறகு அம்மா கூலிக்குப் பருத்தி எடுக்கப் போக ஆரம்பித்தாள். பகல் முழுக்கத் தம்பி என்னிடம்தான். பாடம் காலையில் கொஞ்சம், விளக்கு வைத்தபின் கொஞ்சம் என்று சுருங்கியது. பங்குனி பிறந்தபோது ஒருநாள் பையைத் தடவினேன், சிலேட்டு இல்லை.

வீடெல்லாம் தேடினேன். அடுப்படி மூலையில் உளுந்துப் பானைக்கு மூடியாக இருந்தது. எலி தள்ளாமலிருக்க அதன் மேல் ஒரு கல்லும் வைத்திருந்தது. சிலேட்டை எடுத்தேன். பானைக்குள் உளுந்தின் மேல் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. பள்ளிக்கூட முத்திரை இருந்ததால் பிரித்தேன். பொட்டலக் காகிதம் வாசித்த பழக்கத்தில் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். நான் பல மாதங்களாக வரவில்லை என்றும், இந்த வாரத்துக்குள் வராவிட்டால் முழுப்பரீட்சை எழுத முடியாது, பெயர் நீக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. கீழே தேதி. நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளாக அம்மா எனக்குச் சாதம் போட்டாள், தலை பின்னிவிட்டாள், ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள். இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டுக்குப் போனதும் முகம் கழுவி, சிலேட்டையும் காகிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தம்பியை எங்கே விடுவது? பெரியம்மா வீட்டில் விட்டால் எங்கே போகிறாய் என்பாள். இடுப்பில் தூக்கிக்கொண்டேன். ரோட்டோரம் வந்ததும் நின்றுவிட்டேன். லாரி போனால் தூசி. தூசி அடங்குமுன் அடுத்த லாரி. தம்பியின் இமையெல்லாம் வெள்ளையாகிவிட்டது, அவன் அதற்கும் சிரித்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு கிழவர் ஆடு ஓட்டிக்கொண்டு கடந்தார். ஆடுகளுக்கு நடுவில் நுழைந்து நானும் கடந்தேன்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருபவர். என்னையும் இடுப்பிலிருந்த தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரு, மல்லிகாவா? இத்தன நாளா எங்க போன? இவன் யாரு, இவனையும் சேக்கணுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் மேசைமேல் சாக்பீஸைக் கொட்டினார். "அஞ்சு மாசம் வரல. எல்லாம் மறந்திருக்கும். இத எண்ணு பாப்போம்."

ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தேன். "லாபம்."

"என்னா?"

"ரெண்டு..."

"நிறுத்து. மொதல்லேருந்து சொல்லு."

திரும்பவும் "லாபம்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தன், "டேய், மல்லிகாவுக்கு லாபம் வந்துடுச்சிடா!" என்று கத்தினான். எனக்கு ஒன்று தெரியும். ஆனால் குவியலிலிருந்து எடுக்கும்போது அதைச் சொல்லக்கூடாது என்று ஐந்து மாதமாக நாக்கு பழகியிருந்தது. சொன்னால் ஏதோ நின்றுபோகும் என்ற பயம் வேறு.

"ஒன்னு சொல்லத் தெரியாத புள்ளய மூணாங்கிளாசுல எப்படிம்மா உக்கார வைக்கிறது?" என்று டீச்சர் யாரையோ கேட்பதுபோலக் கேட்டார்.

கதவோரத்தில் சத்துணவு ஆயா முறத்தோடு நின்றிருந்தார். "டீச்சர், அது அளக்குற பழக்கம். ஒங்க எதுக்கத்தான தெனமும் அரிசி அளக்குறேன்? நானும் லாபம்னுதான சொல்றேன்?"

"நான் படியத்தான் பாத்தேன் ஆயா, ஒன் வாயப் பாக்கல" என்றார் டீச்சர். ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "சரி. பதினஞ்சு பேருக்கு ஒரு படி அரிசி. தொண்ணூறு பேருக்கு எத்தன படி?"

சாக்பீஸைத் தள்ளித்தள்ளிப் பார்த்து, "ஆறு" என்றேன்.

"வாசிக்க வருமா?"

பையிலிருந்த காகிதத்தை எடுத்தேன். வாசிக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. டீச்சர் எழுதிய காகிதத்தை டீச்சரிடமே வாசித்தேன். "பெயர் நீக்கப்படும்" என்ற இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் நெற்றியைச் சுருக்கினார்.

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"அம்மா."

"ஒங்கம்மா எத்தனாவது?"

"அஞ்சாவது."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் அம்மாவே வந்துவிட்டாள். நான் தம்பியோடு ரோட்டுப் பக்கம் போனதைப் பெரியம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறாள். செருப்பில்லை, புடவையெல்லாம் பருத்தி ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. முதலில் தம்பியைத்தான் என் இடுப்பிலிருந்து பிடுங்கினாள். கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தடவிப் பார்த்தாள். இந்த வரிசையை நான் மறக்கவே இல்லை.

"ஏம்மா, நேராச் சொல்லு" என்றார் டீச்சர். "பொண்ண அனுப்புவியா, மாட்டியா?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பெரிய நேரமில்லை, வெளியே இரண்டு லாரி போயிருக்கும். எனக்குத் தெரிந்து என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை. பிறகு, "அனுப்புறேன் டீச்சர். இவனையும் கூட அனுப்பலாமா? ஆயா பக்கத்துல ஒக்காந்துக்குவான்" என்றாள்.

"அழுதான்னா நான் அவன ஒலையில போட்டுடுவேன்" என்றார் ஆயா. அதுதான் சம்மதம்.

அப்படித்தான் நான் முழுப்பரீட்சை எழுதினேன், நான்காவது போனேன், அப்புறம் பத்தாவது வரை படித்தேன். தம்பி ஆயாவின் அரிசிச் சாக்கில் தூங்கி வளர்ந்தான். மறுநாளிலிருந்து அம்மாவே எங்களை ரோடு கடத்திவிட்டாள். ஒரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு, மறு கையை லாரிக்கு நேராக நீட்டிக்கொண்டு போவாள். லாரியும் நின்றது. சாயங்காலம் மணி அடிக்குமுன் அந்தப் பக்கம் வந்து நிற்பாள். அதனால் பருத்திக்கூலிக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கினாள், அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் இதைத்தான் நான் திரும்பத்திரும்ப யோசிக்கிறேன். கையை நீட்டி லாரியை நிறுத்துவதை ஐப்பசியிலேயே செய்திருக்கலாமே? ஐந்து மாதம் ஏன் தோன்றவில்லை? பயம் ரோட்டைப் பற்றித்தான் என்றால், காகிதத்தை ஏன் உளுந்துக்குள் வைத்தாள்? அந்த இரண்டு லாரி நேரம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாளா, அல்லது என்னை நிறுத்துவதா விடுவதா என்று அப்போதுதான் முடிவு செய்தாளா?

மறுபக்கமும் தோன்றாமல் இல்லை. நிறுத்துவது என்று முடிவு செய்தவள் எதற்காக விளக்கடியில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வாசிக்கத் தெரிய வேண்டாமே. பல வருடம் கழித்து, கல்லூரிப் பிள்ளைகளோடு வந்த ஒருவர் எங்கள் கொல்லைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அரியலூர்ப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடல்தான் என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "நான் அப்பவே சொன்னேன்" என்றுகூடச் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்காவது மற்றதையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது என் தம்பி பெரம்பலூரில் இருக்கிறான். அவனுக்கும் கவிதாவுக்கும் ஒரே பெண், யாழினி, ஏழு வயது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டிலேயே சொல்லித்தருகிறார்கள். போன மாதம் போயிருந்தபோது கூடம் முழுக்க மரத்தட்டுகளும் வண்ண மணிகளும் அளவுக் கோப்பைகளும் இருந்தன. பால்கனியில் விதை முளைக்கவைத்திருந்தது. கவிதா கத்தியைக் கொடுத்துக் கேரட்டை நான்காக, எட்டாக வெட்டவைத்துப் பின்னம் சொல்லித்தந்தாள். வெட்டின கேரட் பொரியலுக்குப் போயிற்று. அது போகிறதா என்று நான் கவனித்தேன். பழக்கம், என்ன செய்வது.

அவர்களைப் போல வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடுவார்களாம். "எங்கம்மா அந்தக் காலத்துலயே இதெல்லாம் செஞ்சாங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீ வந்து பேசுக்கா" என்றான் தம்பி. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. "அப்ப எழுதியாவது குடு" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். அவன் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை என்று தெரிகிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். படியை யாரும் எடுப்பதில்லை, அரிசி கிலோவில் வருகிறது. வேலமரங்களை வெட்டி ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

கிளம்பும் நாளில் கவிதா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். யாழினி மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஒனக்குப் பள்ளிக்கூடம் போவணும்னு இருக்கா கண்ணு?" என்று கேட்டேன்.

குழந்தை கை நின்றது. மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல அத்தை, வீடே நல்லாருக்கு" என்றாள்.

உண்மையாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் எட்டு வயதில் என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் அம்மா இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு இதையேதான் சொல்லியிருப்பேன்.

பஸ் ஏற்றிவிட வந்த தம்பியிடம் சொன்னேன். "பள்ளிக்கூடம் போவணுமான்னு வருசத்துக்கு ஒரு தடவ யாழினியக் கேளுடா. எதுத்தாப்புல ஒக்காந்து, பொறுமையா. எந்தப் பதில் சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்னு மொதல்ல சொல்லிட்டுக் கேளு."

அவன் சிரித்தான். "நீ இன்னும் அம்மாவச் சந்தேகப்படுறியாக்கா?"

"ஆமாடா" என்றேன். அவனாகவே எப்போதோ ஊகித்திருக்கிறான், ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அதை வாயால் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் கிளம்பியும் அவன் ஜன்னலோரம் கூடவே நாலு எட்டு நடந்து வந்தான். "கேக்குறேன்க்கா" என்றான்.